பதினொரு மாதப் பதிப்பாசிரியர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயல்நாட்டுப் பதிப்பகங்களில் கிடைக்கும் குறுகிய காலப் பணிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். விசா, சம்பளம், தங்குமிடம் ஆகியவற்றைப் பற்றி அதில் சொல்லப்பட்டிருந்தவை பெரும்பாலும் சரியானவையே. ஆனால், மொழியறிவு உள்ளவர்களுக்கு இந்த வேலை எளிது என்றும், சில மாதங்கள்தானே, போன பிறகு பழகிக்கொள்ளலாம் என்றும் கட்டுரை முடிந்திருந்தது எனக்கு உறுத்தலாக இருந்தது. மகப்பேறு விடுப்பில் சென்ற பதிப்பாசிரியர் ஒருவரின் இடத்தில், 11 மாத ஒப்பந்தத்தின் பேரில் அயல்நாட்டுப் பதிப்பகம் ஒன்றில் வேலை பார்த்துத் திரும்பியவள் நான். அந்த அனுபவத்தைக் கொண்டு, ‘போன பிறகு பழகிக்கொள்ளலாம்’ என்ற கருத்தை மட்டும் மறுக்க விரும்புகிறேன். நிறுவனத்தின் பெயரும் ஊரும் இக்கடிதத்துக்குத் தேவையில்லாதவை என்பதால் அவற்றைக் குறிப்பிடவில்லை.

மற்றத் தொழில்களில் தற்காலிகமாகச் சேருகிறவருக்கும் பதிப்புத் தொழிலில் அவ்வாறு சேருகிறவருக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. கடைக் கணக்கு எழுதுகிறவர் மாதக் கடைசியில் கணக்கை முடித்துவிடலாம். புத்தகமோ, கையெழுத்துப்படி பதிப்பகத்துக்கு வந்து சேர்ந்து, செம்மையாகி, பக்கமாகி, மெய்ப்பு (பிழை திருத்துவதற்காக எடுக்கும் படி) பார்க்கப்பட்டு, சொல்லடைவு (சொற்கள் வரும் பக்கங்களைக் காட்டும் பட்டியல்) சேர்ந்து, அச்சாகி, கட்டாகி விற்பனைக்கு வருவதற்குள் பெரும்பாலும் ஓராண்டை ஒட்டிய காலம் ஆகிவிடுகிறது. கல்வி நூல் என்றால் அதற்கு மேலும் ஆகும். ஆறு மாதத்துக்கோ பத்து மாதத்துக்கோ போகிறவர் எந்த நூலையும் முதலிலிருந்து கடைசி வரை பார்க்கப் போவதில்லை. சேருகிற நாளில் மேசையில் இருப்பவை யாரோ பாதி வரை கொண்டுவந்த நூல்கள். விலகுகிற நாளில் விட்டுவிட்டு வருபவை தாம் பாதி வரை கொண்டுபோன நூல்கள். இந்தக் கணக்கு விளம்பரத்தில் வராது, நேர்காணலிலும் வராது. எனக்கே இது மூன்றாம் வாரத்தில்தான் உறைத்தது.

எனக்காக மேசையில் காத்திருந்தது ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு மெய்ப்பு. முன்னவர் ஒழுங்கானவர், எந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று குறிக்கும் நடைத்தாள் எழுதி வைத்திருந்தார், ஆசிரியரோடு நடந்த கடிதப் போக்குவரத்தைத் தேதிவாரியாக அடுக்கியிருந்தார். ஒரு பக்கத்தின் ஓரத்தில் மட்டும், பென்சிலால், ‘கேட்டாயிற்று, இருக்கட்டும்’ என்ற பொருளில் இரண்டு சொற்கள் எழுதியிருந்தார். எதைக் கேட்டார், எது இருக்கட்டும் என்று குறிப்பு இல்லை. அந்தப் பக்கத்தில் ஓர் ஆற்றின் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தது. எந்தப் பதிப்பாசிரியரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: நூல் முழுவதும் தேடி, பெயரை ஒரே விதமாக ஆக்கினேன். பழைய கடிதங்களை மேற்கோள் காட்டும் இடங்களில் பழைய எழுத்துக்கூட்டல், தம் சொந்த நடையில் இன்றைய எழுத்துக்கூட்டல் என்று நூலாசிரியர் யோசித்துச் செய்திருந்த ஏற்பாடு அது என்பதும், முன்னவர் தொலைபேசியில் கேட்டு அதற்கு ஒப்புக்கொண்டிருந்தார் என்பதும், மெய்ப்பைப் பார்த்துவிட்டு நூலாசிரியர் எழுதிய கடிதத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. கடுமையாக இருந்திருந்தால் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

மொழி தெரியாததால் வந்த பிழை அன்று இது. தொலைபேசியில் பேசி முடித்து, எவருடைய தலைக்குள்ளேயோ இருக்கும் உடன்பாடுகள் கைமாறாமல் போனதால் வந்த பிழை. பதிப்பகங்களில் இத்தகைய உடன்பாடுகள் ஏராளம். நிரந்தரப் பணியில் சேருகிறவர் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுக் கேட்டு ஒன்றிரண்டு ஆண்டுகளில் அவற்றைத் தெரிந்துகொள்வார். தற்காலிகமாக வந்தவர் தெரிந்துகொண்டு முடிக்கும்போது ஒப்பந்தமும் முடிந்திருக்கும்.

எழுதி வைத்த விதிகளே ஒரு தனி உலகம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தில் ஹோரஸ் ஹார்ட் என்பவர் 1893இல் தம் அச்சகத்தாருக்காகத் தொகுத்த எழுத்துக்கூட்டல், நிறுத்தற்குறி விதிகள் 1904இல் பொது விற்பனைக்கு வந்தன. சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் 1906இல் வெளியிட்ட நடைக் கையேடு 2024இல் 18ஆம் பதிப்பை எட்டியிருக்கிறது. இவற்றில் ஒன்றைப் படித்துவிட்டுப் போனால் போதும் என்று நானும் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு பதிப்பகமும் அவற்றுக்கு மேல் தனக்கென்று ஒரு நடைவிதியை வைத்திருக்கிறது; பெருங்கையேடு ஒன்று சொல்ல, பதிப்பகத்தின் அந்த வீட்டு விதி வேறொன்று சொன்னால், வீட்டு விதிதான் செல்லும். மேற்கோள் குறி என்ற சிறு பொருளையே பாருங்கள். பிரிட்டிஷ் நூல்களில் பெரும்பாலும் வெளியே ஒற்றைக் குறி, உள்ளே இரட்டைக் குறி. அமெரிக்க நூல்களில் இது தலைகீழ். பிரெஞ்சுக்காரர்கள் கோண வடிவக் குறிகளை இட்டு, அவற்றுக்கும் சொல்லுக்கும் இடையே சிறு இடைவெளியும் விடுகிறார்கள். ஜெர்மன் மொழியில் தொடக்கக் குறி வரியின் அடியில் உட்கார்ந்திருக்கும். முற்றுப்புள்ளி மேற்கோளுக்கு உள்ளேயா வெளியேயா என்பதில் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. ஒற்று மிகுமா மிகாதா என்று நாம் ஒரு மாலைப்பொழுது முழுவதும் வாதிடுகிறோம் அல்லவா, அதே சூட்டோடு அங்கே ஓர் இணைப்புக் கோட்டின் நீளத்துக்காக இருவர் வாதிட்டதை நான் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டபோது ஊரை விட்டு வந்ததாகவே தோன்றவில்லை.

விதிகளைப் படித்துக்கொள்ளலாம். தெரிந்தது போலத் தோற்றமளித்து ஏமாற்றும் குறிகளிடம்தான் எச்சரிக்கை வேண்டும். திரையிலேயே பெரும்பாலான வேலை நடந்தாலும், கடைசி மெய்ப்பைத் தாளில் பார்க்கும் பழக்கத்தை அந்தப் பதிப்பகம் விடவில்லை. அங்கே பின்பற்றப்பட்டவை 1976இல் பிரிட்டிஷ் தரநிலையாக வெளிவந்து 2005இல் திருத்தப்பட்ட மெய்ப்புக் குறிகள். ஒரு திருத்தத்தை இட்ட பிறகு, வேண்டாம், முன்பு இருந்தபடியே விட்டுவிடுங்கள் என்று சொல்ல, அந்தச் சொல்லுக்கு அடியில் புள்ளி வரிசை போட்டு, ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் சரிக்குறி இடுவது அம்முறை. பள்ளிக்கூடக் காலம் முதல் சரிக்குறி என்றால் ‘சரி’ என்று மட்டுமே அறிந்த நான், மூத்த ஆசிரியர் ஒருவர் பார்த்துக் கொடுத்த மெய்ப்பில் அந்த வட்டங்களைக் கண்டதும், திருத்தங்களுக்கு ஒப்புதல் அளித்திருக்கிறார் என்று எண்ணினேன். விட்டுவிடச் சொன்ன அத்தனை திருத்தங்களையும் ஒன்று விடாமல் செய்து முடித்தேன். மங்கலான பென்சில் புள்ளிகளை நான் கவனிக்கவே இல்லை; கவனித்திருந்தாலும் தாளின் அழுக்கு என்றுதான் நினைத்திருப்பேன். மறுநாள் காலை அவர் என் அருகில் வந்து அமர்ந்து, முதல் வட்டத்தின் மேல் விரலை வைத்து, இதற்கு என்ன பொருள் என்று நினைத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டார். பிறகு, தாம் பயன்படுத்தும் குறிகள் அனைத்தையும் ஒரு தாளில் தம் கையாலேயே வரைந்து கொடுத்தார். அங்கிருந்து நான் கொண்டுவந்த பொருள்களில் எனக்கு மிகவும் பயன்படுவது அந்தத் தாள்தான்.

தேதியை 4/5 என்று எழுதினால் அது ஏப்ரலா மே மாதமா என்ற ஐயத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதுவதுதான் அதற்கு ஒரே மருந்து. தாள் அளவைப் பற்றி அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. உலகின் பெரும்பகுதி பயன்படுத்தும் ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். அமெரிக்காவிலும் கனடாவிலும் வழங்கும் லெட்டர் தாள் ஏறத்தாழ 216க்கு 279. ஒன்றுக்காக அமைத்த பக்கத்தை மற்றொன்றில் அச்சிட்டால் பல நேரங்களில் அச்சுப்பொறி தானாகவே பக்கத்தைச் சுருக்கிவிடும். அந்தத் தாளின் மேல் அளவுகோலை வைத்து ஓரத்தை அளந்து, லேஅவுட் தவறு என்று வடிவமைப்பாளருக்கு எழுதுவது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

குடியேறும் ஏற்பாடுகளைப் பற்றிக் கட்டுரையில் இருந்தவற்றோடு மிகச் சிலவற்றையே சேர்ப்பேன். பல நாடுகளில் முகவரிச் சான்று இல்லாமல் வங்கிக் கணக்கு திறக்க முடியாது. வங்கிக் கணக்கு இல்லாதவருக்கு வீடு கிடைப்பது அரிது. இந்த வட்டத்தை உடைக்க உதவுவது, பணிக்காலத்தையும் சம்பளத்தையும் தற்காலிக முகவரியையும் குறிப்பிட்டு நிறுவனம் தரும் ஒரு கடிதம். புறப்படும் முன்பே அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. வேலை அனுமதி பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தோடு கட்டப்பட்டிருக்கும் என்பதால், மாலை நேரத்தில் வேறொரு பதிப்பகத்துக்கு மெய்ப்பு பார்த்துக் கொடுத்துக் கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளும் வரி வாங்குவதைத் தவிர்க்க நாடுகள் செய்துகொள்ளும் இரட்டை வரி ஒப்பந்தங்கள் பலவற்றில் 183 நாள் என்ற எல்லைக்கோடு உண்டு; அதைத் தாண்டித் தங்கினால் போன நாட்டிலும் வரி கட்ட வேண்டி வரலாம். ஆறு மாத ஒப்பந்தம் அந்தக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்பது என்பதால், ஒப்பந்தத்தை ஒரு மாதம் நீட்டிக்கச் சம்மதிப்பதற்கு முன் வரி ஆலோசகர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது உத்தமம்.

அலுவலகத்துக்குள் யாரை அண்டுவது என்பதிலும் நான் தவறான கணக்கோடுதான் போனேன். சக பதிப்பாசிரியர்களே என்னைப் பழக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் அன்பானவர்கள்தான்; ஆனால் ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் பிராங்ஃபர்ட் புத்தகக் கண்காட்சிக்கு முந்திய வாரங்களில் நான் சேர்ந்தேன் என்பதால், தலை நிமிர்ந்து பேச அவர்களில் ஒருவருக்கும் நேரம் இல்லை. தவிரவும், அடுத்த ஆண்டு இருக்கப் போகாதவருக்கு அடுத்த ஆண்டின் நூல்களைப் பற்றி எதற்காகச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எந்த அலுவலகத்திலும் இயல்பானதே. நானும் இங்கே தற்காலிகமாக வந்தவர்களிடம் அப்படித்தான் நடந்திருக்கிறேன் என்பதைக் கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறேன். உண்மையில் எனக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் தயாரிப்புப் பிரிவில் இருந்த பெண்மணி. அச்சகத்தில் எந்த நூலுக்கு எந்த வாரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, எந்த ஆசிரியர் மெய்ப்பை நாள் தவறி அனுப்புவார், எவர் கடைசி நேரத்தில் நன்றியுரையை நீட்டுவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ஒருமுறை, 320 பக்கத்தில் முடிந்திருந்த நூலுக்கு அரைப் பக்க நன்றியுரை ஒன்று கூடுதலாக வந்தது. அரைப் பக்கம்தானே, சேர்த்துவிடலாம் என்றேன். அவர் ஒரு தாளை எடுத்து மடித்துக் காட்டினார். ஒரு பெரிய தாளை மடித்தால் வரும் 16 பக்கம் ஒரு பாரம் என்றால் 320 பக்கத்துக்குச் சரியாக 20 பாரம். 321ஆம் பக்கம் ஒன்று முளைத்தால் இன்னொரு பாரம் வேண்டும். அரைப் பக்க நன்றிக்காக 15 வெற்றுப் பக்கங்களைக் காசு கொடுத்து அச்சிட வேண்டும். முதுகின் அகலமும் கூடும் என்பதால், ஏற்கெனவே முடித்து அனுப்பிய அட்டையையும் திரும்ப அமைக்க வேண்டும். பாரக் கணக்கு நான் அறியாததன்று. நம் அச்சகங்களிலும் அதே கணக்குதான். புது இடத்தில் எல்லாமே வேறாக இருக்கும் என்று நினைத்து நினைத்து, எங்கும் மாறாமல் இருப்பதை மறந்துபோயிருந்தேன். நன்றியுரையைச் சொல்லடைவின் கடைசிப் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் புகுத்தினோம். அன்றிலிருந்து, எனக்கு அழைப்பு இல்லாத தயாரிப்புக் கூட்டங்களிலும் அனுமதி கேட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். தற்காலிகமாகப் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே இதைக் கேட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அழைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, அவ்வளவே.

அயல்நாட்டில் போய் நூல் வேலை பார்ப்பதைக் கட்டுரை இக்காலத்தின் புதுமை போலச் சித்திரித்திருந்தது. இந்தத் தொழில் பரவியதே அயலார் கையால்தான். ஸ்வைன்ஹைம், பன்னார்ட்ஸ் என்ற இரு ஜெர்மானியர்கள் இத்தாலியின் சுபியாகோவில் 1465இல் அச்சிடத் தொடங்கினார்கள். வெனிசில் 1470 முதல் அச்சிட்ட நிக்கோலா ஜென்சன் பிரெஞ்சுக்காரர். வணிகராகப் பல்லாண்டு அயல்நாட்டில் வாழ்ந்த வில்லியம் காக்ஸ்டன், ஜெர்மனியின் கொலோன் நகரில் அச்சுத் தொழிலைக் கற்று, 1476இல் இங்கிலாந்துக்குத் திரும்பி வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். ஆனால் அவர்கள் எல்லாரும் தொழில் இன்னும் புதிதாக இருந்த இடங்களுக்கு அதைக் கொண்டுபோனவர்கள். விதியை வகுத்தவர்கள் அவர்களே. நாம் போவதோ விதிகள் ஏற்கெனவே நிறைந்திருக்கும் வீட்டுக்கு. இங்கே பத்தாண்டுகளாக நூல் செம்மை செய்தவள் என்ற பெருமிதம் எனக்கு முதல் மாதத்தில் உதவவில்லை என்பது மட்டுமன்று, இடைஞ்சலாகவும் இருந்தது. அந்த வட்டத்துச் சரிக்குறியைப் பார்த்த உடனே யாரையாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவிடாமல் என்னைத் தடுத்தது அந்தப் பத்தாண்டுதான்.

விலகும் வேலையை ஒன்பதாம் மாதத்திலேயே தொடங்கினேன். ஆற்றின் பெயர் கற்பித்த பாடம் மனத்தில் இருந்ததால், என் கையில் இருந்த ஒவ்வொரு நூலுக்கும் ஒப்படைப்புக் குறிப்பு எழுதினேன். எது முடிந்தது, எது பாக்கி என்பதைக் கணினி அட்டவணையே காட்டிவிடும். காட்டாதவற்றைத்தான் எழுத வேண்டியிருந்தது. இந்த ஆசிரியர் மின்னஞ்சலுக்குப் பதில் எழுத மாட்டார், காலையில் தொலைபேசியில் பிடிக்க வேண்டும். அந்த நூலின் மூன்றாம் இயலில் அரைப்புள்ளிகள் மிகுதியாகத் தோன்றும், அவை ஆசிரியரின் விருப்பம், கை வைக்க வேண்டாம். இந்த வரைபடத்தின் உரிமையாளர் வாய்மொழியாக இசைந்துவிட்டார், எழுத்தில் இன்னும் தரவில்லை. ஒவ்வொரு நூற்பதிப்பையும் அடையாளம் காட்டும், 2007 முதல் 13 இலக்கமாக வழங்கும் ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கெட்டி அட்டைக்கும் சாதா அட்டைக்கும் மின்நூலுக்கும் தனித்தனியாக ஒதுக்க வேண்டும். ஒரு நூலின் மின்பதிப்புக்கு ஒதுக்கிய எண் விற்பனைப் பட்டியலுக்கு அப்போதே போய்விட்டிருந்தது, கோப்பில் மட்டும் ஏறவில்லை. அதைக் குறிக்காமல் வந்திருந்தால், அடுத்தவர் வேறோர் எண்ணைக் கொடுத்திருப்பார். ஒரே மின்நூல் இரண்டு எண்களோடு கடைகளில் திரிந்திருக்கும். அந்த நூல்கள் நான் திரும்பி வந்த பிறகே ஒவ்வொன்றாக வெளிவந்தன. எதிலும் என் பெயர் இல்லை, இருக்க வேண்டிய முறையும் இல்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய பணிகளைப் பற்றி இனி எழுதும்போது, சம்பளத்தையும் விசாவையும் கேட்பதோடு, ஒப்பந்தம் முடியும் நாளில் எத்தனை நூல்கள் எந்த நிலையில் இருக்கும், நடைவிதிக் கையேட்டைப் புறப்படும் முன்பே அனுப்புவார்களா, வேலையை விட்டுப் போகிறவரும் ஏற்க வருகிறவரும் ஒரு வாரமாவது ஒன்றாக உட்கார ஏற்பாடு உண்டா என்பவற்றையும் நிறுவனங்களிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நான் போய்ச் சேர்ந்தபோது முன்னவர் விடுப்பில் சென்று ஒன்பது நாள்கள் ஆகியிருந்தன. என் பயணச்சீட்டைப் பத்து நாள்கள் முன்னதாக எடுத்திருக்கலாம். அவர் எப்போது விடுப்பில் போகிறார் என்று நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகி